'அப்பா, நீங்க கேட் வரைக்கும் வர வேண்டாம்'

வாசகர் கடிதம் (சுருக்கி எழுதியிருக்கிறேன், பெயர், பள்ளி விவரம் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எடுத்துவிட்டேன்):

'மேடம், நாங்கள் திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். நான் இன்னொரு கம்பெனியில் செக்கிங். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. எல்கேஜியில் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) இலவச இடத்துக்கான குலுக்கலில் பெயர் விழுந்து, பக்கத்தில் உள்ள பெரிய மெட்ரிக் பள்ளியில் சேர்த்தோம். நன்றாகப் படிக்கிறாள். அவளுடைய நெருங்கிய தோழியின் அப்பா எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கிறார். இரண்டு மாதம் முன்பு அந்தப் பெண்ணின் பிறந்தநாளுக்கு ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். போய்வந்ததிலிருந்து இவள் மாறிவிட்டாள். அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொண்டுபோய் விடுவார். இப்போது, கேட் வரைக்கும் வர வேண்டாம், முக்கிலேயே இறக்கிவிடுங்க என்கிறாள். அவர் ஒன்றும் பேசாமல் மறுநாளிலிருந்து முக்கிலேயே நிறுத்திவிடுகிறார். எங்களுக்கு மாடி வீடு, அப்பா கம்பெனி வைத்திருக்கிறார் என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தப் பெண் நம் வீட்டுக்கு வருகிறேன் என்கிறாளாம். ராத்திரி முழுக்க அழுதாள். வயிற்று வலி என்று இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேணும் என்கிறார் மாமியார். கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்கே மாத்திடலாம் என்கிறார் இவர். பொய் சொன்னது தெரிந்ததும் நான் ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். என்ன செய்வது? நான் அடித்தது தப்பா?'

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பேசுவோம். பள்ளியை மாற்ற வேண்டாம். நட்பை வெட்ட வேண்டாம். அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மூன்றாவதைப் படித்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். இருப்பது ஒரே ரூம், கட்டிலும் பீரோவும் போக நாலு பேர் உட்காரத்தான் இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு பேர் உட்கார இடம் இருந்தால் தாராளம். வரப்போவது பத்து வயதுப் பிள்ளை ஒன்று. அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

அந்தப் பொய்யிலிருந்து தொடங்குவோம். 22 வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவதுதான் என் வேலை. வீட்டைப் பற்றிப் பொய் சொன்ன எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்லும்படி ஒருவரும் இல்லை. ஆறு வயதில் ஒரு பிள்ளை, 'அவங்க வீட்ல கார் இருக்கு, நம்ம வீட்ல எக்ஸ்எல் இருக்கு' என்று சொல்லும்போது பெரும்பாலும் 'அவகிட்ட பச்சை பென்சில் இருக்கு' என்பது போலத்தான் சொல்லும். ஒன்பது, பத்து வயதில்தான் அந்தக் காரையும் எக்ஸ்எல்லையும் ஊர் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது நன்றாகப் பிடிபடும். அதுவரை தன் வீட்டைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அடுத்தவர் கண்ணால் பார்க்க ஆரம்பிக்கும். உங்கள் மகளுக்கு அது அந்த ரிசார்ட்டில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கே யாரும் அவளை இழிவாகப் பேசியிருக்க வேண்டியதில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் நீச்சல் உடை கொண்டுவந்து, இவள் மட்டும் கவுனோடு கரையில் நின்றிருக்கலாம். திரும்பும்போது காரில் யாராவது, 'உங்க வீடு எந்த ஏரியா கண்ணு, அப்பா என்ன பண்றார்?' என்று சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். கேட்டவருக்கு அது பேச்சுக்குக் கேட்டது. இவளுக்கோ காரில் இருக்கும் அத்தனை பேர் முன்னாலும் எழுதச் சொன்ன பரீட்சை. பயத்தில் வாய்க்கு வந்த பதில்தான் மாடி வீடும் கம்பெனியும். அப்புறம் அந்தப் பதிலைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. எக்ஸ்எல் கேட்டுக்கு வந்தால் பதில் உடைந்துபோகும். அதனால்தான் முக்கு.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அவளைக் கிளப்பி அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்பினீர்கள்? 'அங்க போய் எதையும் கேக்காத', 'அவங்க முன்னாடி அள்ளி அள்ளித் திங்காத', 'மானத்த வாங்கிடாத' என்று நாம் நல்லதுக்குத்தான் சொல்கிறோம். ஆனால், நம்மிடம் மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று பிள்ளை முதலில் கேட்பது நம் வாயிலிருந்துதான். உங்கள் மாமியார் சொன்ன பழமொழியும் அப்படித்தான். செலவுக்கு அது நல்ல கணக்கு. கடன் வாங்கிப் பிறந்தநாள் கொண்டாடக் கிளம்புகிறவரிடம் நானே அதைச் சொல்வேன். ஒரு பத்து வயதுப் பெண் யாரோடு பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கலாம் என்பதற்கு அதை அளவாக வைத்தால், இவள் மனசில் நம் விரல் சின்னது என்பது மட்டும்தான் தங்கும்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிய வரியை. ஒன்றும் பேசாமல் முக்கிலேயே நிறுத்திவிடுகிறார். பிள்ளை மனசு நோகக் கூடாது என்று தன் மனசை விழுங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த மௌனத்தைப் பிள்ளை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். 'அப்பாவே சரின்னுட்டாரே, அப்ப இது ஒளிக்க வேண்டிய விஷயம்தான்' என்று அதற்குத் தோன்றும். அதனால் அவர் ஒரு முறை வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும். திட்டாமல், நீட்டி முழக்காமல், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது சொல்லட்டும்: 'நீ அப்படிச் சொன்னது எனக்கு வலிச்சுது கண்ணு. உம்மேல கோவமில்ல. ஆனா நாளையில இருந்து கேட் வரைக்கும் வந்துதான் உடுவேன்.' அவ்வளவு போதும். மறுநாள் கேட்டில் இறக்கிவிட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடட்டும். டாட்டா காட்டச் சொல்லி நிற்க வேண்டாம். முதல் வாரம் அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவாள். ஓடட்டும்.

அவர் செய்யும் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியுமா? 'அப்பா கம்பெனிக்குப் போறார்' என்பதற்கு மேல் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். இந்தியாவிலிருந்து கப்பல் ஏறும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூருடையது என்று அவள் பள்ளியில் பொது அறிவுக் கேள்வியாகப் படித்திருப்பாள். அதில் தன் அப்பாவின் கை இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போட்டிருக்கும் பனியனையே திருப்பி வைத்து அவர் காட்டட்டும். இது ஓவர்லாக் அடித்தது, இது கழுத்துக்கு ரிப் வைத்தது, இந்த வளைவில் கை கொஞ்சம் பிசகினாலும் பீஸ் ஆல்டர் ஆகித் திரும்பி வந்துவிடும் என்று சொல்லட்டும். நீங்களும் சொல்லுங்கள்: ஒரு ஊசி ஓட்டையை, ஒரு எண்ணெய்க் கறையை எப்படி ஒரே பார்வையில் பிடிக்கிறீர்கள் என்று. தோழியின் அப்பா கம்பெனியும் இந்த மாதிரிக் கைகளால்தான் ஓடுகிறது. அவர்களைக் குறைத்துப் பேசாமல் அதைச் சொல்லுங்கள். இரண்டு அப்பாக்களும் ஒரே தொழிலில் இருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

அடுத்தது பணம். நம் வீடுகளில் பணத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் பெருமூச்சாகத்தான். 'அதெல்லாம் நம்மால முடியாது', 'காசு மரத்துலயா காய்க்குது'. பெருமூச்சை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்? பயப்படும், வெட்கப்படும். உங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம். வரும் சனிக்கிழமை ராத்திரி அவளை உட்காரவைத்து, அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த வாரம் இரண்டு பேருக்கும் சேர்த்து வந்தது இவ்வளவு. வாடகைக்கு எடுத்து வைப்பது இவ்வளவு, மளிகை, வண்டி டியூ, சீட்டு, மிச்சம் இவ்வளவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கூட்டல் கழித்தல் நன்றாகவே வரும். தொகை தெரிந்த பிள்ளை, 'எங்க வீட்ல இதுக்கு இப்ப காசில்ல' என்று மற்றவரிடம் நிமிர்ந்து சொல்லும். பழைய கடன், மாமியார் வைத்தியம் மாதிரியான கவலைகளை அந்த நோட்டில் ஏற்ற வேண்டாம், அவை பெரியவர்கள் சுமக்க வேண்டியவை. அப்புறம், 'உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படறோம்' என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அந்த வாக்கியத்தைச் சுமக்க முடியாமல் கூன் விழுந்த பிள்ளைகளைத்தான் நான் பத்தாம் வகுப்பில் பார்க்கிறேன்.

பிறந்தநாள் பரிசுக்கும் இதிலேயே முடிவு கட்டிவிடலாம். 100 ரூபாய் என்று வைத்தால் எல்லாத் தோழிக்கும் 100 ரூபாய். லைன் வீட்டுத் தோழிக்கும் அதுதான், எக்ஸ்போர்ட்டர் மகளுக்கும் அதுதான்.

சரி, உண்மையை யார் சொல்வது? அவள்தான் சொல்ல வேண்டும், அந்தத் தோழியிடம் மட்டும், தனியாக. நீங்கள் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்து, 'என் பொண்ணு பொய் சொல்லிட்டா' என்று போட்டுக்கொடுத்துவிடாதீர்கள். டீச்சரிடமும் போக வேண்டாம். வீட்டில் ஒத்திகை பாருங்கள். நீங்கள் தோழியாக இருங்கள், அவள் சொல்லிப் பார்க்கட்டும்: 'நான் அன்னிக்கு வீட்டப் பத்தி சும்மா சொல்லிட்டேன். எங்க அப்பா டெய்லர். எங்களது லைன் வீடு. சாரி. நீ வர்றியா?' முதல் தடவை அழுவாள், நாலாவது தடவை சிரிப்பு வந்துவிடும். நான் பார்த்த வரையில் பத்து வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்டால், 'ஏன் எங்கிட்ட பொய் சொன்ன?' என்று கொஞ்ச நேரம் முறைப்பார்கள். லைன் வீடு என்பதில் அவர்களுக்குப் பெரிய விஷயம் இருப்பதில்லை. தன்னிடம் மறைத்தது என்பதுதான் விஷயம். 'நீ சிரிப்பியோன்னு பயந்துட்டேன்' என்று இவள் உள்ளதைச் சொன்னால் அதோடு தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்த அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். கடிதத்தில் அவரை நீங்கள் எல்லா இடத்திலும் 'மேடம்' என்றுதான் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மற்ற வகுப்புத் தோழிகளின் அம்மாக்களை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? பிள்ளை பெயரைச் சொல்லி, இன்னார் அம்மா என்றுதானே? இவரையும் அப்படியே கூப்பிடுங்கள். ஒரு வார்த்தைதானே என்று நினைக்காதீர்கள். நீங்கள் போனில் பேசும்போது உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து காது முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு எந்த உயரத்தில் பேச வருகிறதோ அந்த உயரத்தில்தான் அவளுக்கும் நிற்க வரும்.

போனில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுங்கள். லைன் வீடு, கார் சந்துக்குள் வராது, மெயின் ரோட்டில் நிறுத்தினால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன், பாத்ரூம் வெளியில் பொதுவாக இருக்கிறது, நான் கூடவே போய் நிற்பேன், நாங்கள் இருவரும் வீட்டில் இருப்போம். பெண் பிள்ளையை அனுப்பும் எந்த அம்மாவும் கேட்க நினைப்பது இதைத்தான். ஞாயிறு மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் போதும். கேக்குக்கும் பீட்சாவுக்கும் கடன் வாங்காதீர்கள். அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, நெய் விட்டு, அப்பளம் பொரித்து வையுங்கள். 'வீடு சின்னது, மன்னிச்சுக்க கண்ணு' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரை அன்றைக்கு வெளியே அனுப்பிவிடாதீர்கள், அவர் இருக்க வேண்டும். பனியன் வேஸ்ட் துணி கொஞ்சம் எடுத்துவைத்து, இரண்டு பேருக்கும் தலைக்குக் கட்டும் பேண்டோ பொம்மையோ செய்யச் சொல்லித்தரட்டும். லைனில் உள்ள மற்ற பிள்ளைகள் எட்டிப்பார்த்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலையில் உட்காரவைத்து உபசரித்தால்தான் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம்.

ஏழ்மையில் அழகு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ரூமில் மூன்று நாலு பேர் இருப்பது கஷ்டம்தான், பொதுக் கழிப்பறை கஷ்டம்தான். அது உங்கள் குற்றமில்லை, ஒளிக்க வேண்டியதும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தக் குடும்பம் நல்ல குடும்பம், 'வேன் ஃபீஸ் நாங்க கட்டட்டுமா' என்று ஒருமுறை கேட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புப் பெண்கள் இருவர், இதே மாதிரி நெருக்கம். வசதியான பெண்ணின் அம்மா நல்ல மனசோடு, தன் மகளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். கலர் டிரஸ் நாளன்று இந்தப் பெண் அதில் ஒரு மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். இடுப்பில் வெள்ளை நாடா, பின்னால் பெரிய முடிச்சு. பிரேயருக்கு நிற்கும்போது பின்வரிசைப் பிள்ளை அந்த நாடாவை இழுத்து, 'ஏய், இது அவளோட போன வருஷ பர்த்டே டிரஸ்தானே' என்றது. அதில் கேலி ஒன்றும் இல்லை, ஞாபகத்தில் வந்ததைச் சொன்னது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கவுன் போட்டிருந்தவள் நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கொடுத்த வீட்டுப் பெண்ணும் அன்று சாப்பிடவில்லை. என்னிடம் அவள்தான் முதலில் வந்து அழுதாள். அதற்குப் பிறகு இருவரும் பழையபடி பேசிக்கொள்ளவே இல்லை.

அதனால் அந்தக் குடும்பத்திலிருந்து பண உதவி வாங்காதீர்கள், குறைந்தபட்சம் பிள்ளைகள் வழியாக வாங்காதீர்கள். 'கேட்டதே போதுங்க, தேவைப்பட்டா சொல்றேன்' என்று விட்டுவிடுங்கள். நட்பில் கை மாறுவது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நீங்கள் அரிசிம்பருப்புப் போடுகிறீர்கள். பிள்ளைகள் இதை ஒன்றுக்கு ஒன்று சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், நாம் கணக்குப் பார்க்காமல் இருந்தால்.

இந்த நட்பு நல்லதுதானா என்று சந்தேகம் வந்தால் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அவகிட்ட நீ மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?' 'அவ கோவிச்சுக்குவா, அப்புறம் சரியாயிடுவா' என்றால் நல்ல நட்பு. 'சொல்லவே முடியாது' என்றால் கவனியுங்கள். பையைத் தூக்குவது, நோட்டு எழுதிக்கொடுப்பது, விளையாட்டில் எப்போதும் அவள் சொன்னதுதான் என்று போய்க்கொண்டிருந்தால் அது தோழமை இல்லை, சின்ன வயது எடுபிடி வேலை. அப்போது மீண்டும் எனக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து சயின்ஸ் மாடல் செய்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், மறுநாள் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த நட்பில் லாபம் உங்கள் மகளுக்கு மட்டும் என்று நீங்கள் நினைப்பதாகப் படுகிறது. அப்படி இல்லை. டெல்லியில் அரசு நிலம் பெற்ற பெரிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்று 2007-ல் கட்டாயம் வந்தது. அதன் பிறகு அங்கே என்ன நடந்தது என்று பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ் விரிவாகப் பார்த்து, 2019-ல் வெளியிட்டார். அதில் ஒரு ரிலே ஓட்டப் பந்தயம் வருகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரிசு 500 ரூபாய் என்றபோது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் வசதியான பிள்ளையை எடுத்தவர்கள் 6 சதவீதம் மட்டும். பரிசு 50 ரூபாய்க்கு இறங்கியதும், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் அப்படி ஒதுக்கினார்கள். ஏற்கெனவே ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்திருந்த பிள்ளைகளிடம் இந்த ஒதுக்கல் குறைவாக இருந்தது. அடுத்தவருக்குக் கொடுக்கும் குணமும் அவர்களிடம் கூடியிருந்தது. கணக்கிலும் ஹிந்தியிலும் மதிப்பெண் குறையவில்லை, ஆங்கிலத்தில் கொஞ்சம் குறைந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, சில பள்ளிகளில் பெயர் எழுத்து வரிசைப்படி படிப்புக் குழு பிரித்திருந்தார்கள் என்பது. அப்படித் தற்செயலாக ஒரே குழுவில் விழுந்து, சேர்ந்து வேலை செய்த பிள்ளைகளிடம்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. நம் ஊரிலும், நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் வகுப்பில் எழுத்து வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. அது சாதிக்காகச் சொன்னது. ஆனால் நம் ஊரில் பணமும் சாதியும் பல நேரம் ஒரே வாசலில்தான் நிற்கின்றன. தோழியின் வீட்டிலிருந்து அப்படி ஏதாவது பேச்சு என்றைக்காவது வந்தால், அதைப் பணத்தோடு போட்டுக் குழப்பாமல் அதன் பெயரிலேயே மகளிடம் பேசுங்கள்.

பள்ளியை மாற்றுவது பற்றி. அரசுப் பள்ளி மட்டம் என்பதால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நான் படித்ததே அங்கேதான். வெட்கத்துக்குப் பயந்து இந்த நேரத்தில் மாற்றினால், ஓடிப்போவதுதான் வழி என்று அவள் கற்றுக்கொள்வாள். அவள் உட்கார்ந்திருக்கும் இடம் பள்ளிக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்ததும் இல்லை. சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக மற்ற தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் என்பது 2009-ல் இயற்றி, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம். அந்த இடத்துக்கான கட்டணத்தைப் பள்ளிக்கு அரசு தருகிறது. இந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பாகவோ, தனி நேரத்திலோ பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. 'ஆர்டிஇ பிள்ளைங்க எழுந்திருங்க' என்று டீச்சர் வகுப்பில் கூப்பிடுகிறாரா என்று மகளிடம் கேட்டுப்பாருங்கள். அப்படி நடந்தால் தலைமை ஆசிரியரிடம் போய், அலுவலக வேலைக்கு எங்களைப் போனில் கூப்பிடுங்கள், வகுப்பில் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே யோசித்துவையுங்கள். இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம் கேட்பார்கள். அப்போது அரசுப் பள்ளிக்கு மாறினால் அவளுக்கு நஷ்டமில்லை. மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும், எட்டாவது வரை ஆர்டிஇ-யில் படித்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆக, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை, நேரம்தான் இன்னும் வரவில்லை. மூன்று வருடம் கழித்து, கணக்குப் போட்டு, மகளையும் கேட்டுவிட்டு நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு அது.

வயிற்று வலி நடிப்பு இல்லை. மனசு சொல்ல முடியாததைப் பிள்ளைகளுக்கு வயிறு சொல்லும், வலி நிஜமாகவே இருக்கும். காய்ச்சல், வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதெல்லாம் இல்லாவிட்டால் வெந்நீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாள் பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் பள்ளிக்குத் திரும்புவதைக் கடினமாக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் நேரில் ஆலோசனைக்குப் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனை சேவை இருக்கிறது. இலவசம், தமிழில் பேசலாம்.

கடைசியாக, அடித்தது தப்பா என்று கேட்டீர்கள். தப்புதான். அன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அப்பாவை ஒளித்துவைத்துவிட்டாளே என்ற வலி. ஆனால் பயத்தில் பொய் சொன்ன பிள்ளைக்கு அடி இன்னொரு பயத்தைத்தான் கொடுத்திருக்கும். இன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, 'அன்னிக்கு உன்ன அடிச்சது அம்மா தப்பு கண்ணு' என்று சொல்லிவிடுங்கள். கூடவே 'ஆனா நீ பொய் சொன்னது...' என்று ஆரம்பிக்க வேண்டாம், அதற்கு வேறு நாள் இருக்கிறது. அவள் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். காதில் விழுந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் அக்கா